மூலைக்கு எறியச் சொன்ன நான்காவது இன்னிங்ஸ்

அமெரிக்கப் பள்ளி பேஸ்பாலில் எந்தப் பந்தை எங்கே எறிவது என்பதைப் பெரும்பாலும் பயிற்சியாளர்தான் முடிவு செய்கிறார். அணி உட்காரும் டக்அவுட்டிலிருந்து ஒரு மூன்றிலக்க எண்ணைக் கத்துவார். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர், மணிக்கட்டுப் பட்டையில் செருகியிருக்கும் அட்டையைப் பார்ப்பார். அந்த எண்ணுக்கு நேரே ‘ஃபாஸ்ட்பால், வெளிமூலை, தாழ்வாக’ என்று இருக்கும். பந்தெறியும் பிட்சர் அதை எறிய வேண்டும். அவரால் எறிய முடியுமா என்பது மட்டும் அட்டையில் இருக்காது.

அந்த இடைவெளியில் ஓர் இன்னிங்ஸ் எப்படிக் கவிழ்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இது குறிப்பிட்ட ஒரு பள்ளியின் ஆட்டம் அல்ல. பள்ளி மைதானங்களில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே ஆட்டமாகச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு. ஆட்டக்காரர்களும் ஸ்கோரும் கற்பனை. தூரங்கள், விதிகள், கோணக் கணக்கு எல்லாம் உண்மையானவை.

களம்

உயர்நிலைப் பள்ளியின் இளநிலை அணி. ஏழு இன்னிங்ஸ் ஆட்டம். பிட்சர் எறியும் மேட்டிலிருந்து, பேட்டர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம், தொழில்முறை ஆட்டத்தில் உள்ள அதே தூரம். பிட்சர் 15 வயது வலக்கைக்காரர். ஃபாஸ்ட்பால் மணிக்கு 70 மைலைத் தொடும். ஒரு கர்வ்பால் உண்டு. நல்ல நாளில் நன்றாக வளையும். வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்அப்பை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்.

ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பள்ளி விதிப்படி ஸ்ட்ரைக் ஜோனின் கீழ் எல்லை முழங்கால். மேல் எல்லை தோளுக்கும் இடுப்புக்கும் நடுப்புள்ளி. பந்தின் எந்தப் பகுதி அந்த ஜோனைத் தொட்டாலும் ஸ்ட்ரைக். தொடாமல் போய், பேட்டரும் சுழற்றாவிட்டால் பால். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். நான்கு பால் ஆனால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவார், அதுதான் வாக். மூன்று பேஸையும் சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். 2-0 என்றால் இரண்டு பால், ஸ்ட்ரைக் இல்லை; 0-2 என்றால் அதன் மறுதலை. பேட்டர் நிற்கும் பக்கம் உள்பக்கம், எதிர்ப்பக்கம் வெளிப்பக்கம்.

அணியின் அட்டையில் ஒன்பது இடங்கள்: உள், நடு, வெளி என்று மூன்று, ஒவ்வொன்றிலும் உயரம், இடுப்பு, முழங்கால் என்று மூன்று. மூன்று வகைப் பந்துகளோடு பெருக்கினால் 27 கட்டளைகள். பயிற்சியாளர் கடுமையாக உழைக்கிறவர். எதிரணி பேட்டர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு வைத்திருந்தார், யார் தாமதமாகச் சுழற்றுகிறார், யார் பிளேட்டை ஒட்டி நிற்கிறார் என்பது வரை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் நடந்ததற்கு அவருடைய சோம்பலோ அறியாமையோ காரணம் இல்லை.

இன்னிங்ஸ்

மூன்று இன்னிங்ஸ் முடிந்தபோது அணி 3-1 என்று முன்னிலை. பிட்சர் 41 பந்துகள் எறிந்திருந்தார்.

நான்காவது இன்னிங்ஸின் முதல் ஆள் ஐந்தாம் வரிசை வலக்கை பேட்டர். கொஞ்சம் பலசாலி. கட்டளை: வெளிமூலை, தாழ்வாக. பந்து பிளேட்டுக்கு அரையடி வெளியே போனது. அதே கட்டளை மறுபடியும், மறுபடியும் பால். மூன்றாவதும் வெளிமூலைக்குத்தான் சொன்னார். வந்து சேர்ந்தது நடுவில், பேட்டர் பார்த்துக்கொண்டே விட்டார், ஸ்ட்ரைக். நான்காவதாகத் தாழ்வான கர்வ், மண்ணில் விழுந்தது. ஐந்தாவது மீண்டும் வெளிமூலை. வாக்.

ஆறாவது ஆள் ஃபாஸ்ட்பாலுக்குத் தாமதமாகச் சுழற்றுகிறவர். இரண்டு ஃபாஸ்ட்பாலையும் முதல் பேஸ் பக்கம் ஃபவுலாக, அதாவது கோட்டுக்கு வெளியே தட்டினார்; இரண்டும் ஸ்ட்ரைக் கணக்கில் சேரும். வலக்கை பேட்டர் அந்தப் பக்கம் தட்டினால் பந்துக்குப் பின்தங்கி இருக்கிறார் என்று அர்த்தம். 0-2. அந்த நிலையில் பயிற்சியாளர் வெளிமூலைக்கு ஒரு கர்வ் கேட்டார். பந்து வளையாமல் இடுப்புயரத்தில் நடுவே மிதந்து வந்தது. வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவருக்கு வேகம் குறைந்த பந்து கிடைத்தது. இடது ஃபீல்டில் சிங்கிள், அதாவது ஒரு பேஸ் தரும் அடி.

ஏழாவது ஆள் இடக்கை பேட்டர். கட்டளை ‘வெளி’. அதுவரை வந்த எல்லாருமே வலக்கைக்காரர்கள், ஆகவே ‘வெளி’ என்றால் முதல் பேஸ் பக்கம் என்று பிட்சரின் கைக்குப் பழகிப்போயிருந்தது. இடக்கைக்காரருக்கு அது மூன்றாம் பேஸ் பக்கமாக மாறும். கேட்சர் சரியாக மாறி உட்கார்ந்தார், பிட்சர் மாறவில்லை. பந்து கேட்சரைத் தாண்டிப் பின்வேலிக்குப் போனது. ரன்னர்கள் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நகர்ந்தார்கள். அந்த பேட்டர் அப்புறம் தரையோடு உருண்ட ஒரு கிரவுண்ட் பாலில் அவுட் ஆனார். அதிலேயே ஒரு ரன். 3-2.

எட்டாவது ஆளுக்கு ஆறு பந்தில் வாக். ஒன்பதாவது ஆள் சின்னப் பையன், பிளேட்டின்மேல் கவிழ்ந்து நின்றார். அவரை விலக்கி நிற்க வைக்க உள்மூலைக்கு ஃபாஸ்ட்பால் கேட்கப்பட்டது. மூன்றாவது பந்து முழங்கையில் பட்டது. எல்லா பேஸிலும் ஆள்.

வரிசையின் முதல் ஆள் திரும்பி வந்தார். வெளிமூலை, தாழ்வாக: பால். அதே இடம்: பால். 2-0. மறுபடியும் அதே இடம். இந்த முறை வந்தது நடுத்தொடை உயரத்தில், பிளேட்டின் நடுவே. டபுள், அதாவது இரண்டு பேஸ் தரும் அடி; இரண்டு ரன். 3-4.

அடுத்த இரண்டு பேரும் அவுட். அந்த இன்னிங்ஸில் மட்டும் 31 பந்துகள். எதிரணி அடித்தது இரண்டே இரண்டு ஹிட், எடுத்தது மூன்று ரன்.

முதலில் சொல்லப்பட்ட காரணம்

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பிட்சருக்கு இன்று கட்டுப்பாடு இல்லை. ஸ்கோர் புத்தகமும் அதைத்தான் சொல்லும். இரண்டு வாக், ஒரு பேட்டர்மேல் பந்து, கேட்சரைத் தாண்டிப் போன ஒரு பந்து.

ஆனால் பெஞ்சில் இருந்த இன்னொரு பிட்சர் வேறொரு தாள் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு குறி: கேட்ட இடத்தில் ஒரு வட்டம், வந்த இடத்தில் ஒரு புள்ளி. பல அணிகளில் அடுத்த ஆட்டத்தின் பிட்சருக்கு இப்படி ஒரு வேலை தருவது வழக்கம். பெரும்பாலும் புள்ளி மட்டும்தான் வைப்பார்கள். வட்டமும் சேர்ந்தால்தான் கதை தெரியும்.

முதல் 24 பந்துகளில் 19 மூலைகளுக்குக் கேட்கப்பட்டவை. அவற்றில் கேட்ட இடத்துக்குப் போனது மூன்று. ஜோனுக்குள்ளேயே வேறெங்கோ வந்தது ஐந்து. ஜோனுக்கு வெளியே பதினொன்று. இதைவிட முக்கியமானது புள்ளிகளின் பரவல். வட்டம் வலது மூலையில் இருந்தாலும் இடது மூலையில் இருந்தாலும் புள்ளிகள் வட்டத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரே அகலத்தில் சிதறியிருந்தன, இருபுறமும் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவாக. நன்றாகப் போன முதல் இன்னிங்ஸின் தாளை எடுத்துப் பார்த்தால் அதிலும் சிதறல் அதேதான். அப்போது கேட்ட இடங்கள் வேறு, அவ்வளவுதான். அந்த இன்னிங்ஸில் பயிற்சியாளர் பெரும்பாலும் நடுவைக் கேட்டிருந்தார்.

ஆகவே கட்டுப்பாடு நான்காவது இன்னிங்ஸில் தொலைந்துபோகவில்லை. இருந்த கட்டுப்பாடு இருந்தபடியே இருந்தது. இலக்குதான் நகர்ந்தது.

ஒரு டிகிரி

பந்து கையை விட்டுப் புறப்படும் இடம், மேட்டில் பிட்சர் கால் ஊன்றும் ரப்பர் பட்டைக்கு ஐந்தாறு அடி முன்னால் இருக்கும். அதனால் பந்து கடக்கும் தூரம் சுமார் 55 அடி. மணிக்கு 70 மைல் வேகத்தில் அது அரை வினாடிக்குச் சற்று அதிகம். அந்தத் தூரத்தில் கை 1 டிகிரி தவறினால் பந்து பிளேட்டில் சுமார் 11.5 அங்குலம் தள்ளிப் போகும். அரை பிளேட்டின் அகலமே 8.5 அங்குலம்தான்.

பதினைந்து வயதுப் பையன் ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 1 டிகிரிக்குள் எறிகிறான் என்றால் அது கெட்ட எறிதல் இல்லை. நம் பிட்சரின் சிதறலும் கிட்டத்தட்ட அதுதான். கணக்குக்காக அந்தச் சிதறல் இரண்டு பக்கமும் சமமாகப் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். பந்தின் விட்டம் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே பந்தின் மையம் பிளேட்டின் விளிம்புக்கு ஒன்றரை அங்குலம் வெளியே போனாலும் பந்து விளிம்பை உரசும், ஸ்ட்ரைக்தான்.

இப்போது பிளேட்டின் நடுவைக் குறிவைத்தால் பக்கவாட்டில் பத்தில் ஒன்பது பந்து பிளேட்டின்மேல் வரும். வெளிப்பாதியின் நடுவை, அதாவது மையத்திலிருந்து நாலேகால் அங்குலம் தள்ளிக் குறிவைத்தால் நான்கில் மூன்று. விளிம்பையே குறிவைத்தால் இரண்டில் ஒன்றுக்குச் சற்று மேல்.

இது பக்கவாட்டு மட்டும். உயரத்திலும் இதே அளவு சிதறல் இருக்கிறது, கீழ் விளிம்பைத்தான் குறிவைக்கிறோம் என்றால் இன்னொரு ‘இரண்டில் ஒன்று’ வந்து பெருகும். வெளிமூலை, தாழ்வாக என்று கேட்கும்போது ஜோனுக்குள் வரக்கூடியது பத்தில் மூன்று பந்துதான். உண்மையில் உயரச் சிதறல் பக்கவாட்டைவிட அதிகமாக இருப்பதே வழக்கம். கை வேகமாக முன்னால் வரும்போது விரல் விடும் நொடி கொஞ்சம் முந்தினால் பந்து மேலே, பிந்தினால் கீழே.

பேட்டர் ஜோனுக்கு வெளியே போகும் பந்தையும் சுழற்றுவார், அதனால் கணக்கு இவ்வளவு கறாராக நடக்காது என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் 1-0, 2-0 நிலையில் பள்ளி பேட்டர்களிடம் “பொறு” என்றுதான் அவர்களுடைய பயிற்சியாளரும் கத்திக்கொண்டிருப்பார். ஐந்தாவது ஆள் அதைத்தான் செய்தார்.

தொலைக்காட்சியில் தொழில்முறை பிட்சர்கள் மூலையைக் குத்துவதைப் பார்த்துத்தான் இந்தப் பழக்கம் வருகிறது என்று நினைக்கிறேன். அதே ஆட்டத்தில் கேட்சரின் கிளவ்வை மட்டும் கொஞ்ச நேரம் கவனியுங்கள். வைத்த இடத்திலேயே பந்தை வாங்குவது அரிது. அவர்களும் தவறவிடுகிறார்கள், அவர்களுடைய தவறு மணிக்கு 95 மைலில் வருகிறது என்பதுதான் வித்தியாசம்.

கிளவ் எங்கே இருந்தது

மூலையைக் கேட்டால் கேட்சரும் மூலைக்கு நகர்ந்து உட்காருவார். இதில் இன்னொரு நஷ்டம் ஒளிந்திருக்கிறது. கேட்சர் வெளிமூலையில் இருக்கிறார், பந்து உள்பக்க விளிம்பில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உடலைக் குறுக்கே வளைத்துக் கையை வீசிப் பிடிக்க வேண்டும். பந்து ஜோனைத் தொட்டிருந்தாலும் பின்னால் நிற்கும் அம்பயரின் கண்ணுக்கு அது தப்பிப்போன பந்தாகத்தான் தெரியும். எட்டாவது ஆளுக்கு விழுந்த நான்கு பாலில் இரண்டு இப்படிப்பட்டவை. தாளில் புள்ளி ஜோனுக்குள் இருந்தது, அம்பயரின் கை எழவில்லை. கேட்சர் நடுவுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் கிளவ் அவ்வளவு தூரம் ஓடியிருக்காது. அம்பயரைத் திட்டுவதில் பயன் இல்லை.

கர்வ்பாலில் சிக்கல் வேறு மாதிரி. கர்வ் முடியும் இடம் ஒன்று, பிட்சர் கண்வைத்து எறிய வேண்டிய இடம் இன்னொன்று. கேட்சர் முழங்காலுக்குக் கீழே கிளவ்வைக் காட்டினால் பையன் அந்த கிளவ்வை நோக்கித்தான் எறிவான். அங்கிருந்து பந்து இன்னும் கீழே வளையும், மண்ணில் விழும். ஐந்தாவது ஆளுக்கு எறிந்த கர்வுக்கு நடந்தது அதுதான். இரண்டு தடவை மண்ணில் விழுந்தபின் பையன் பயந்துபோய்க் கையை இழுத்துப் பிடிப்பான்; அப்போதுதான் வளையாமல் மிதந்து வரும் பந்து பிறக்கிறது. எங்கே முடிய வேண்டும் என்று சொல்லாமல் எங்கே தொடங்க வேண்டும் என்று சொன்னால் பாதி தீரும்: “கேட்சரின் முகமூடியைப் பார்த்து எறி.” கிளவ் நடுவிலேயே இருக்கட்டும், பந்து கையை விட்டபின் கேட்சர் இறங்கிக்கொள்ளட்டும்.

உள்பக்கம்

ஒன்பதாவது ஆளின் முழங்கையில் பட்ட பந்தைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் பயிற்சியாளரின் யோசனை வெறும் பிடிவாதம் இல்லை.

உள்பக்கப் பந்தை அடிக்க பேட்டின் தடித்த பகுதி பிளேட்டுக்கு முன்னாலேயே வந்து சந்திக்க வேண்டும். வெளிப்பக்கப் பந்தைக் கொஞ்சம் உள்ளே வரவிட்டு அடிக்கலாம். ஆகவே ஒரே வேகத்தில் வந்தாலும் உள்பந்துக்குச் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தாமதமாகச் சுழற்றுகிறவருக்கு அது கஷ்டம். இதுவரை சரி.

ஆனால் பள்ளி மைதானத்தில் இரண்டு விஷயங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். முதலாவது பேட். மரப் பேட்டில் கைப்பிடிப் பக்கம் பந்து பட்டால் பேட் முறியலாம். இங்கே பெரும்பாலும் உலோகம் அல்லது கலவைப் பேட், முறியாது. உயர்நிலைப் பள்ளிகளில் 2012 முதல் பிபிகார் என்ற தரம் கட்டாயமாகி, பந்து பேட்டிலிருந்து துள்ளும் வேகம் குறைக்கப்பட்டது உண்மைதான். இருந்தாலும் கைப்பிடிக்கு மேலே பட்டு பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டர்களின் தலைக்குப் பின்னால் பொத்தென்று விழும் சிங்கிள்களுக்குக் குறைவில்லை. உள்பந்து தொழில்முறை ஆட்டத்தில் தரும் அதே பலனை இங்கே தராது.

இரண்டாவது, இடம். பள்ளி மைதானத்தில் பேட்டரின் கட்டத்துக்கும் பிளேட்டுக்கும் இடையே 6 அங்குலம். கட்டத்தின் கோட்டை ஒட்டி நின்று முழங்கையை நீட்டியிருக்கும் பையனின் கை ஏறக்குறைய உள்விளிம்பின்மேலேயே இருக்கிறது. உள்விளிம்பைக் குறிவைத்து 11.5 அங்குலம் தவறக்கூடிய பிட்சரிடம் அந்தப் பந்தைக் கேட்டால் கணிசமான தடவை அது உடம்பில்தான் படும். அதுவும் ஒன்பதாம் வரிசை ஆளுக்கு! அவரை பேஸுக்கு அனுப்புவதைத் தவிர வேறு எதைச் செய்திருந்தாலும் நஷ்டமில்லை.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்மூலை என்ற கட்டளையே வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே தூரம் 46 அடிதான், நேரம் இன்னும் குறைவு, விலகத் தெரியாத பேட்டர்கள் அதிகம்.

எவ்வளவு செலவு

மூலையைத் தவறவிட்ட ஒவ்வொரு பந்தும் பிட்சரின் கணக்கிலும் ஏறுகிறது. பள்ளி ஆட்டத்தில் 2017 முதல் ஒவ்வொரு மாநிலமும் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தே ஆக வேண்டும். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கில் வரம்பு வயதுவாரியாக இருக்கிறது: 9-10 வயதுக்கு ஒரு நாளில் 75 பந்துகள், 11-12 வயதுக்கு 85. பதினான்கு வயதுக்குள் 66 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்தவர் நான்கு நாள் ஓய்வெடுக்க வேண்டும். நம் பிட்சர் 15 வயது, அந்த அட்டவணைக்குள் வரமாட்டார். இருந்தாலும் நான்கு இன்னிங்ஸ் முடிவில் 72-இல் நின்றார். நடுவை நோக்கி எறிந்த முதல் இன்னிங்ஸில் அவருக்கு 11 பந்து போதுமாக இருந்தது. பயிற்சியாளர் மூலை கேட்கும்போது பேட்டரை ஏமாற்றுவதாக நினைக்கிறார். செலவாவது தன் பிட்சரின் ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸ்.

என்ன மாற்றினார்கள்

அடுத்த பயிற்சியில் பிட்சரை ஒரு கேட்சரின் முன் நிறுத்தி, கிளவ்வை நடுவிலேயே அசையாமல் வைத்து 20 ஃபாஸ்ட்பால் எறியச் சொன்னார்கள். பின்னால் ஒருவர் புள்ளி வைத்தார். அவ்வளவுதான் சோதனை. எல்லா பிட்சர்களுக்கும் அதையே செய்தபோது ஒருவருடைய சிதறல் நம் ஆளுடையதில் பாதிதான் என்று தெரிந்தது, இன்னொருவருக்கு ஒன்றரை மடங்கு. மூன்று பேருக்கும் ஒரே அட்டையைக் கொடுத்திருந்தார்கள்.

புது அட்டையில் நம் பிட்சருக்கு ஆறே கட்டளைகள். ஃபாஸ்ட்பாலுக்கு பிளேட்டின் இரண்டு பாதிகள், அப்புறம் ‘உயரே’ என்று ஒன்று. கர்வுக்கு ஓரிடம். சேஞ்ச்அப்புக்கு ஓரிடம். கடைசியாக ‘வெளியே விடு’ என்று ஒரு வீண் பந்து, இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் மட்டும். சிதறல் குறைந்த அந்த இன்னொரு பிட்சருக்கு மூலைகள் அப்படியே இருந்தன.

பாதி என்றால் கேட்சர் மையத்திலிருந்து ஒரு கையகலம் நகர்வார், அதற்கு மேல் இல்லை. அதையும் பிட்சர் எறியத் தொடங்கும்போதுதான் செய்வார். முன்கூட்டியே நகர்ந்தால் இரண்டாம் பேஸில் நிற்கும் ரன்னர் பார்த்துப் பேட்டருக்குச் சைகை காட்டலாம். எண் அட்டை விரல் சைகையை மறைக்கும், கேட்சர் உட்காரும் இடத்தை மறைக்காது.

‘உள்’, ‘வெளி’ என்ற சொற்களை அட்டையிலிருந்து எடுத்துவிட்டு ‘முதல் பேஸ் பக்கம்’, ‘மூன்றாம் பேஸ் பக்கம்’ என்று அச்சிட்டார்கள். பேட்டர் இடக்கையோ வலக்கையோ, அந்தப் பக்கம் மாறாது. எந்தப் பக்கம் வேண்டும் என்ற யோசனை பயிற்சியாளரோடு டக்அவுட்டிலேயே முடிந்துவிடும். இதனால் இன்னொரு பலனும் கிடைத்தது. இன்ஃபீல்டர்களான ஷார்ட்ஸ்டாப்பும் இரண்டாம் பேஸ்காரரும் அதே அட்டையைப் பார்க்கிறார்கள், பந்து எந்தப் பக்கம் அடிபட வாய்ப்பு என்று ஒரு காலடி முன்கூட்டியே சாய முடிகிறது.

உண்மையான மாற்றம் பால்-ஸ்ட்ரைக் எண்ணிக்கையில் இருக்கிறது. 0-0, 1-0, 2-0, 2-1, 3-1 என்று எந்த நிலையிலும் பாதிக்குக் குறைந்த இலக்கு கிடையாது. மூன்று பால் ஆனபின் நடு மட்டும். 0-2, 1-2 வந்தால் விளிம்பும் அதற்கு வெளியேயும் கேட்கலாம், ஏனென்றால் தவறினால் போவது ஒரு பால்தான், பேட்டரோ பயத்தில் சுழற்றும் நிலையில் இருக்கிறார். அதே பிட்சர், அதே சிதறல். தவறுக்கான விலை மட்டும் நிலைக்கு நிலை மாறுகிறது. ஆறாவது ஆளிடம் 0-2 வந்தபோது கேட்டிருக்க வேண்டியது இன்னொரு ஃபாஸ்ட்பால், முகத்துக்கு நேரே, உயரே. அங்கேயும் தாமதமாகத்தான் சுழற்றியிருப்பார்.

பயிற்சியாளருக்கு இதில் ஒரு சிரமம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. “நடுவுல போடச் சொன்னா அடிச்சிடுவாங்களே” என்றார். அடிப்பார்கள்தான். ஆனால் நடுவைக் கேட்டால் பந்து நடுவுக்கே வருவதில்லை. சிதறல் அங்கேயும் வேலை செய்யும், நடுவைக் கேட்ட பந்துகளில் பல தாமாகவே விளிம்புகளுக்குப் போய்ச் சேரும். பேட்டருக்கும் அது எங்கே வரும் என்று தெரியாது, பிட்சருக்கே தெரியாதபோது.

அடுத்த ஆட்டம்

அடுத்த வாரம் அதே பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் எறிந்தார். 66 பந்துகள், ஒரு வாக். ஹிட் ஏழு. போன தடவையைவிட அதிகமாக அடித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ரன் மூன்று, அதில் ஒன்று ஷார்ட்ஸ்டாப் தவறவிட்ட கிரவுண்ட் பாலால் வந்தது. அணி ஒரு ரன்னில் தோற்றது.

பந்து பேட்டில் படத் தொடங்கியதும் ஃபீல்டர்களின் குறைகள் வெளியே வந்தன. வாக்குகளில் அவை தெரியாமல் இருந்தன. பயிற்சி நேரத்தில் பாதி இப்போது கிரவுண்ட் பால் எடுப்பதற்குப் போகிறது. எதிரணியின் மூன்றாம் வரிசை ஆள், நிஜமாகவே நல்ல பேட்டர், நடுவுக்குப் பக்கத்தில் வந்த இரண்டு பந்துகளை வேலிவரை அனுப்பினார். அவருக்குப் பாதி இலக்கு போதாது என்பது உண்மை. அவருக்கு வேண்டியது இடமாற்றமா, வேகமாற்றமா என்பதில் பயிற்சியாளருக்கும் உதவிப் பயிற்சியாளருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. சேஞ்ச்அப் தயாரானால் வேகமாற்றம்தான் என்று நான் சொல்வேன். ஓர் அங்குலக் கட்டுப்பாடு வருவதற்கு வருஷங்கள் ஆகும், மணிக்கு எட்டு மைல் குறைவாக ஒரு பந்து எறியப் பழகுவதற்கு அவ்வளவு ஆகாது.

கேட்சர் விஷயம் ஒன்று மிச்சமிருக்கிறது. பள்ளி விதிகளை வகுக்கும் என்எஃப்எச்எஸ் கூட்டமைப்பு 2024 முதல் டக்அவுட்டிலிருந்து கேட்சருக்கு ஒருவழி மின்னணுக் கருவியில் பந்துக் கட்டளை சொல்ல அனுமதிக்கிறது. கருவி வந்தால் மூன்றிலக்க எண்ணும் அட்டையும் தேவையில்லை, வேகமும் கூடும். பிட்சருக்கு உள்ள 20 வினாடிக் கெடுவில் நெருக்கடி குறையும். ஆனால் கேட்சரிடம் முடிவெடுக்கும் பழக்கம் இன்னும் குறைந்துபோகும். பேட்டரின் கால் எங்கே இருக்கிறது, போன பந்துக்கு அவர் எவ்வளவு தாமதம், பிட்சரின் தோள் தளர்ந்திருக்கிறதா, இதெல்லாம் மூன்றடி தூரத்திலிருந்து பார்க்கிறவர் அவர் ஒருவர்தான்.

அணியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதல் இரண்டு இன்னிங்ஸ் கேட்சரே கட்டளையிடுவார், அதற்குப்பின் பயிற்சியாளர். மூன்றாம் பேஸில் ரன்னர் இருந்தால் எந்த இன்னிங்ஸானாலும் பயிற்சியாளர்தான், ஏனென்றால் அங்கே மண்ணில் விழும் ஒரு கர்வ் நேரே ரன்னாக மாறும். கேட்சர் கட்டளையிட்ட முதல் இரண்டு இன்னிங்ஸின் தாளைப் பார்த்தால் வட்டங்கள் எல்லாம் நடுவைச் சுற்றியே இருக்கின்றன. உயரே ஒரு ஃபாஸ்ட்பாலை மட்டும் மூன்று முறை கேட்டிருக்கிறார், மூன்றும் இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு. அவரிடம் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.